நைலான் டயரின் கணக்கு

ரேடியல் டயருக்கு மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ஆண்டு 1946. காருக்கான ரேடியல் 1949இல் பிரான்சில் கடைக்கு வந்தது, லாரிக்கானது 1952இல். இந்தியாவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல் செய்யும் வேலையை ஜே.கே. டயர் தொடங்கியபோது ஆண்டு 1999 ஆகிவிட்டது. வந்த பிறகும் லாரிக்காரர்கள் அதை நாடி ஓடவில்லை. 2005 வாக்கில் லாரி, பஸ் டயர்களில் ரேடியலின் பங்கு நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடவில்லை. அதே நேரத்தில் புதுக் கார்கள் அநேகமாக எல்லாமே ரேடியலில்தான் ஓடின. பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் லாரி டயரிலும் ஏறக்குறையப் பாதி ரேடியலாகிவிட்டது. இதற்கு டயர் வட்டாரத்தில் தயாராக ஒரு விளக்கம் உண்டு: லாரிக்காரருக்கு விவரம் போதவில்லை, முதலில் போடும் பணத்தை மட்டும் பார்த்தார், பிறகு விழிப்புணர்வு வந்தது. டயர் விற்பவருக்கு வசதியான விளக்கம் இது. ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி உரிமையாளர் ஒரு ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியாதவர் என்று அந்த ஊர்களை அறிந்த யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைய சாலை, அன்றைய வாடகை, அன்றைய வட்டி, அன்றைய சட்டம் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய நைலான் டயர்தான் கட்டுபடியாகியிருக்கும். அவை மாறியபோது அதே ஆட்கள் அதே கணக்கைப் போட்டு ரேடியலுக்குப் போனார்கள்.

இரண்டு டயரும் வேறுபடுவது உள்ளே இருக்கும் இழைகளின் போக்கில். லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வதில், நைலான் இழைத் துணி அடுக்கடுக்காகக் குறுக்குச் சாய்வில் படிந்திருக்கும். சாலையில் பதியும் பட்டனுக்கு அடியிலும் பக்கச் சுவரிலும் அதே அடுக்குகள்தான். சுவர் தடித்திருப்பதால் முரட்டுச் சுமையும் முரட்டுச் சாலையும் தாங்கும். ஆனால் ஓடும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டுச் சூடேறும், பட்டன் சாலையில் நெளிந்து தேயும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். லாரி ரேடியலில் எஃகுக் கம்பி இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகப் போகும்; பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் தனியே சுற்றியிருக்கும். அதனால் பட்டன் தட்டையாகப் பதிய, சுவர் தன்பாட்டுக்கு வளைந்து கொடுக்கும். சூடு குறையும், தேய்மானம் குறையும், உருட்டுவதற்கான விசையும் குறையும். இதையெல்லாம் படிக்கிறவருக்கு ரேடியலை வாங்காதவர் அசடாகத்தான் தெரிவார். ஆனால் இத்தனை நன்மையும் அந்த மெல்லிய சுவரை நம்பி இருக்கிறது. குறித்த எடைக்கு மேல் ஏற்றினாலோ, காற்றுக் குறைய ஓட்டினாலோ, கருங்கல் விளிம்பு பக்கவாட்டில் கிழித்தாலோ முதலில் போவது அதுதான். நைலான் டயரில் ஒரு வெட்டு விழுந்தால் பழைய டயரின் துண்டு ஒன்றை உள்ளே வைத்து டியூபைப் பாதுகாத்து ஊர் வந்து சேரலாம். ரேடியல் சுவர் கிழிந்தால் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

டயர் வாங்குகிற லாரி உரிமையாளர் புது டயரின் விலையோடு நிறுத்திக்கொள்வதில்லை. பட்டன் தேய்ந்த பிறகு மிஞ்சும் கேசிங் எத்தனை முறை ரீட்ரெடிங் தாங்கும் என்று அப்போதே பார்க்கிறார். சென்னையின் டயர் தொழில் வளர்ந்த வரிசையைப் பார்த்தாலே இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று புரியும். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் அவர் இறங்கிய அடுத்த தொழில், தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பர். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து புது டயர் ஆலைக்கு அவருடைய எம்.ஆர்.எஃப். வந்தது 1961இல்தான். இதற்கு வெகு முன்பே, 1936இல், வங்காளத்து சாஹாகஞ்சில் டன்லப் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தர இலங்கையையும் தென்னிந்தியாவையும் விட்டால் பெரிய இடம் கிடையாது என்றாயிற்று. புது டயர் அரிதாகி, பழையதை உயிர்ப்பிப்பது பிழைப்பாகிப் போன காலம் அது. போருக்குப் பிறகு வந்த உரிம ஆட்சியிலும் டயர் தாராளமாகக் கிடைத்ததில்லை. கோயம்புத்தூரின் எல்ஜி ரீட்ரெடிங்குக்கான ரப்பரிலும் இயந்திரங்களிலும் இறங்கி ஒரு பெரிய தொழிலையே கட்டியதற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

தேய்ந்த டயர் ரீட்ரெடிங் பட்டறைக்கு வந்ததும் முதலில் விளிம்பை விரித்து உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். துணி அடுக்கு எங்காவது பிரிந்து உப்பியிருக்கிறதா, ஆணி ஏறிய ஓட்டையில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று விரல்தான் சொல்லும். தேறினால், மிச்சப் பட்டனைப் பஃபிங் இயந்திரத்தில் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் பூசி, புது ரப்பரைச் சுற்றி வேகவைப்பார்கள். பழைய முறையில் டயரை அச்சுக்குள் வைத்து ஏறத்தாழ 150 பாகை சூட்டில் பட்டனை அங்கேயே பதிப்பது வழக்கம். பட்டறைக்காரர்கள் கோல்டு என்று சொல்லும் முறையில், பட்டன் முன்பே பதிந்த ரப்பர் பட்டையை ஒட்டி, 100 பாகையை ஒட்டிய சூட்டில் வேகவைக்கிறார்கள். பெயர்தான் கோல்டு, கை வைத்தால் வெந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு நோவாக். 1957இல் ராய் கார்வர் என்ற அமெரிக்கர் உரிமை வாங்கி ஐயோவா மாநிலத்து மஸ்கட்டீனில் பாண்டாக் நிறுவனத்தை வளர்த்தார். இப்படிப் புதுப்பித்த டயருக்கு ஆகும் செலவு புது டயரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே புது டயர் முன்சக்கரத்தில் ஏறும், பாதி தேய்ந்ததும் பின்னுக்குப் போகும், பிறகு பட்டறைக்குப் போய் வந்து மறுபடி பின்னச்சில் ஏறும், கடைசியில் ஸ்டெப்னியாகும். 1978இல் எம்.ஆர்.எஃப். கொண்டுவந்த சூப்பர்லக்-78 நாடெங்கும் விற்றுத் தீர்ந்ததற்கு அதன் தடித்த பட்டன் மட்டும் காரணமல்ல, பட்டன் போன பிறகும் கேசிங் நின்றது.

வாடகையும் நைலான் பக்கமே நின்றது. சரக்குக்கு டன் கணக்கில் கூலி. டோல், டிரைவர் பேட்டா, தவணை எல்லாம் நடைக்கு ஒரே அளவு. ஆகவே அனுமதிக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய முழு லாபம். அன்றைய விதிப்படி இரட்டை டயர் மாட்டிய பின்னச்சின் மேல் 10.2 டன் வரலாம். நான்கு டயருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,550 கிலோ. உரிமையாளர் கூடுதலாக ஐந்து டன் ஏற்றி, அதில் நான்கு டன் பின்னச்சின் மேல் விழுந்தால் ஒவ்வொரு டயரும் 3,550 கிலோ சுமக்கும். அந்தச் சுமையில் நைலான் சுவர் முனகிக்கொண்டே ஓடும். ரேடியல் சுவர் கேசிங்கையே காவு கொடுக்கும். அதோடு ரீட்ரெடிங் கணக்கும் போயிற்று.

காற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். டீக்கடை ஓரம் வண்டி நின்றதும் கிளீனர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காற்று நிறைந்த டயரில் கம்பி துள்ளித் திரும்பும், சத்தம் கணீரென்று வரும். இறங்கியிருந்தால் தொப்பென்று அமுங்கும். ஜோடியில் உள் டயர் இறங்கியிருந்தால் வெளி டயர் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் என்பதால் கம்பி உள்ளே எட்டும்வரை குனிந்து தட்டுவார். நைலானுக்கு இந்தக் காது போதும். 120 பவுண்டு காற்று கேட்கும் ரேடியல் 95இல் நின்றாலும் கம்பிச் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த 25 பவுண்டுக்குள் சுவர் வெந்துவிடும். அளவுமானி வைத்துப் பார்க்கும் பழக்கமும், நம்பத்தகுந்த அளவுமானி உள்ள கடையும் சாலை நெடுக இல்லாத காலத்தில் ரேடியல் வாங்குவது துணிச்சல்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லாரிக்காரர் எங்கே தேர்ந்தெடுத்தார், கடையில் ரேடியலே இல்லையே, நைலான் ஆலைகளில் முதலைப் போட்டுவிட்ட நிறுவனங்கள் புதுத் தொழில்நுட்பத்தை வேண்டுமென்றே தள்ளிப்போட்டன என்பார்கள். 1999 வரையில் இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே நிறுவனங்கள், அதே நாட்டில், காருக்கு ரேடியல் செய்து விற்றுக்கொண்டுதான் இருந்தன. கார் வாங்குகிறவர் டயரைத் தேர்வதில்லை. கார் ஆலை எதை மாட்டியதோ அதையே மறுபடியும் வாங்குவார். பிரான்சில் இது இன்னும் எளிது: மிஷ்லின் 1930களிலேயே சித்ரோன் கார் நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தது, டயர் செய்பவரும் கார் செய்பவரும் ஒரே வீட்டுக்காரர். நம் லாரியோ ஆலையிலிருந்து சேசிஸாகக் கிளம்பி, நாமக்கல்லில் பாடி கட்டி, பிறகு பத்துப் பதினைந்து ஆண்டு ஓடுவது. அதன் வாழ்நாளில் மாட்டும் டயர்களில் பெரும்பகுதியை உரிமையாளரே கடையில் நின்று வாங்குகிறார். இங்கே யார் மனத்தையும் ஆலை முடிவு செய்துவிட முடியாது. 1999க்குப் பிறகு கடையில் ரேடியல் இருந்தும் ஆறேழு ஆண்டு அது ஓடாமல் கிடந்ததற்கு ஆலைகளின் மேல் பழி போட வழியில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் கூடுதல் விலை கொடுத்தும் ரேடியல்தானே லாபம், அப்படியானால் நைலான் வாங்கியவர் தப்புக் கணக்குத்தானே போட்டார்? சராசரி என்பது பல வண்டி வைத்திருப்பவரின் வசதி. நூறு லாரி ஓட்டுபவருக்குப் பத்து ரேடியல் முன்கூட்டியே வெடித்தாலும் மிச்சம் உழைத்துச் சராசரியை மீட்டுக் கொடுக்கும். இந்திய லாரிகளில் பெரும்பாலானவை ஐந்துக்கு மேல் வண்டி இல்லாதவர்களுடையவை. ஒரே லாரியை ஃபைனான்ஸில் எடுத்து, டயரையும் கடைக்காரரிடம் கடனில் வாங்கியவருக்கு முதல் பத்தாயிரம் கிலோமீட்டரில் ஒரு விலையுயர்ந்த டயர் கிழிந்தால், அந்த மாதத் தவணையே ஆட்டம் காணும். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல், ஸ்ரீராம் 1979இல் என்று சென்னையில் லாரிக் கடன் தொழில் தோன்றி வளர்ந்த ஊர்களில் வட்டி என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம். ஒரே அச்சில் ரேடியலையும் நைலானையும் கலந்து மாட்டக்கூடாது என்ற விதி வேறு. டயர் ஒவ்வொன்றாகத் தேய்கிறது, ஒவ்வொன்றாகத்தான் பணமும் புரள்கிறது. ரேடியலுக்கு மாற வேண்டுமானால் ஒரு அச்சு முழுவதையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, ஒரே நாளில் மாற்ற வேண்டும். ரேடியலின் பெரிய வாதமான டீசல் சிக்கனமும் இங்கே வலுக்குறைந்தது. அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடி ரேடியலுக்குக் கதவைத் திறந்தது. 1975இல் மிஷ்லின் தென் கரோலினாவில் ஆலை திறந்தது. இந்தியாவில் அரசு டீசல் விலையைப் பிடித்து வைத்திருந்த பிடியை முழுக்க விட்டது 2014 அக்டோபரில்தான். மலிவான டீசலில் மிச்சம் பிடிக்க யாரும் விலை கூடிய டயர் வாங்குவதில்லை.

பிறகு மாறியவற்றில் முதலாவது சாலை. தங்க நாற்கரம் என்ற 5,846 கிலோமீட்டர் நான்குவழித் திட்டம் 1999இல் தொடங்கி, அடுத்த பத்தாண்டில் பெருமளவு முடிந்தது. சாலை கெட்டிருந்த காலத்தில் நைலானின் தடித்த சுவர் காப்பாற்றியது. சாலை நன்றாகி, வண்டி மணிக்கணக்காக நிற்காமல் அறுபது எழுபதில் ஓடத் தொடங்கியதும் அதே தடிமன் எதிரியானது. சித்திரை வெயிலில் காயும் சாலையில் அடுக்குகளுக்கு இடையே ஏறும் சூடு இறங்க இடமில்லாமல் நைலான் டயர் வெடிக்க ஆரம்பித்தது. இரண்டாவது, சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதிகச் சுமையைத் தடுத்தாலும், பல மாநிலங்கள் முன்கூட்டியே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அட்டையோ டோக்கனோ கொடுத்துக் கூடுதல் சுமையோடு போக விட்டன. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழியை அடைத்தது: அபராதம் கட்டினாலும் கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக்கூடாது.

தீர்ப்பு வந்ததும் அதிகச் சுமை ஒழிந்துவிட்டதா என்று கேட்டால் இல்லைதான். எடை மேடைகளில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தீர்ப்புக்குப் பின் அதிக அச்சுகள் கொண்ட வண்டிகளின் பக்கம் வாங்குபவர்கள் சாய்ந்தார்கள், அது டயரின் மேல் விழும் சுமையைக் குறைத்தது. ஒற்றைப் பின்னச்சில் டயருக்கு 2,550 கிலோ என்று பார்த்தோம். இரட்டைப் பின்னச்சுக்கு அப்போது அனுமதி 19 டன். எட்டு டயருக்குப் பகிர்ந்தால் 2,375. அதன்மேல் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினாலும் ரேடியல் சுவர் தாங்கும் எல்லைக்குள்ளேயே இருக்கும். அப்பல்லோ ஒரகடத்திலும், மிஷ்லின் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்க்கண்டிகையிலும் லாரி ரேடியல் ஆலைகளை நிறுவியது 2010ஐ ஒட்டியும் அதன் பிறகும்தான். ஆலைகள் தேவையை முந்தவில்லை, பின்தொடர்ந்தன. விழிப்புணர்வுதான் காரணம் என்பவர்கள் கல்குவாரிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். அங்கே ஜல்லி ஏற்றும் டிப்பர்களில் நைலான் இன்னும் சாதாரணம். டிப்பரும் நெடுந்தூர வண்டியும் வைத்திருக்கும் ஒரே உரிமையாளர் ஒன்றுக்கு நைலானும் மற்றதற்கு ரேடியலும் வாங்குகிறார் என்றால், அவருக்கு எந்த விவரம் போதவில்லை என்று சொல்வது?

சீன ரேடியல் வந்தபோது இதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. உள்நாட்டு டயரைவிட மலிவாக அது குவிந்தபோது, ரீட்ரெடிங் செய்வதைவிடப் புதிதாக ஒன்று வாங்கித் தேய்த்து எறிவது மேல் என்று பலர் முடிவு செய்தார்கள். பட்டறைகள் வேலையின்றிக் கிடந்தன. 2017 செப்டம்பரில் அரசு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்ட பிறகே கேசிங்குக்கு மறுபடி மதிப்பு வந்தது.

லாரிக்காரரின் கணக்கு சரி என்று சொல்லும்போது அதில் யார் செலவு எழுதப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடுதல் ஐந்து டன்னால் உடைந்த சாலையைச் செப்பனிட்டது வரிப்பணம். வெடித்த டயரால் தடுமாறி எதிர்வரிசைக்குள் புகுந்த வண்டியில் செத்தவர்கள் எந்த டன் வாடகையிலும் வரமாட்டார்கள். நியாயமாகப் போட்ட கணக்குத்தான், ஆனால் தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் எழுதிய கணக்கு. அதனால்தான் அந்த உரிமையாளருக்கு அறிவுரை சொல்லி மாற்ற முடியவில்லை. மற்றவர்களின் செலவை அபராதமாகவும் சரக்கு இறக்கமாகவும் அவர் ஏட்டில் ஏற்றிய பிறகே அவர் வேறு டயர் வாங்கினார். 2019இல் சட்டத்தைத் திருத்தி, அதிகச் சுமைக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக்கி, கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் என்று வைத்ததும் இதே வழியில்தான்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு அரசே எல்லைக் கோட்டை நகர்த்தியிருந்தது. 2018 ஜூலையில் ஒற்றைப் பின்னச்சின் அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டைப் பின்னச்சின் அனுமதி 19இலிருந்து 21 டன்னாகவும் ஏறின. இரட்டைப் பின்னச்சில் டயருக்கு 2,625 கிலோ வருகிறது, அதில் வில்லங்கமில்லை. ஒற்றைப் பின்னச்சில் 2,875. பரவலாக விற்ற 10.00 ஆர் 20 அளவு 16 பிளை ரேடியலின் சுவரில் 146/143 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் தனி டயருக்கு, இரண்டாவது ஜோடிக்கு. ஜோடியில் 143 என்றால் 2,725 கிலோதான் தாங்கும். சட்டம் அனுமதித்த சுமையை முழுக்க ஏற்றினாலே அது 150 கிலோ குறைகிறது. இந்த வகை வண்டிக்கு இன்று டயர் மாற்றுகிறவர் கடையில் பார்க்க வேண்டியது அந்தச் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணை: 149/146 என்றிருக்கும் 18 பிளை டயர் ஜோடியில் 3,000 கிலோ தாங்கும், விலையும் அதற்கேற்பக் கூடும்.